டுப்ரோவ்னிக்கில் மூன்று நாள்: ஒரு சி.பி.எம். பாடம்

சி.பி.எம். என்றால் நமக்குக் கேள்வித்தாள்தான் ஞாபகம் வரும். வட்டம், அம்புக்குறி, மார்க்கு, அப்புறம் மறதி. அதே கணக்கை வைத்து நான் ஒரு சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டேன்.

கப்பல் என்ஜின் அறையில் காலமெல்லாம் உழைத்தவர் என் மாமா. குரோஷியா நாட்டின் கடலோர ஊரான டுப்ரோவ்னிக்கில் கப்பல் நின்றும், அவர் ஊருக்குள் போனதில்லை. ஓய்வு பெற்றாச்சு; வருகிற செப்டம்பரில் அத்தையோடு போகிறார். கையில் மூன்று நாள். அத்தைக்கு முழங்கால் வலி. சேமிப்போ ஒரு தடவைக்குத்தான் காணும்.

முதல் படி, வேலைகளின் பட்டியல். 1,940 மீட்டர் நீளமுள்ள கோட்டை மதில். ஸ்ர்ஜ் மலைக்கு ரோப் கார். லோக்ரும் தீவுக்குப் படகு. பழைய நகரத்துத் தெருக்கள்.

இரண்டாம் படி, பின்னோக்கிக் கணக்கு. மூன்றாம் நாள் மாலை 6 மணிக்கு விமானம். 3 மணிக்கு விமான நிலையத்தில் இருக்கணும். தூரம் சுமார் 20 கி.மீ. அந்த ஊருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். ஆகவே 2 மணிக்குக் கிளம்பியே ஆகணும். லோக்ருமில் இரவு தங்க அனுமதி இல்லை. எனவே கடைசிப் படகின் நேரமே அங்கே ‘லேட்டஸ்ட் ஃபினிஷ்’.

மூன்றாம் படி, ஃப்ளோட். ‘புரா’ என்னும் வடகிழக்குக் காற்று பலமாக வீசினால் ரோப் கார் நின்றுவிடும். ‘ஜூகோ’ என்னும் தெற்குக் காற்றில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. காற்றை நம்பிய வேலைகளைக் கடைசி நாளில் வைத்தால் ஃப்ளோட் பூஜ்யம். அதனால் ரோப் கார் முதல் நாள் மாலை, தீவு இரண்டாம் நாள். எந்தக் காற்றிலும் பார்க்கக்கூடிய தெருக்கள் மூன்றாம் நாள் காலை.

மதிலில் ஆயிரத்துக்கும் மேல் படிகள். மாமா ஏறட்டும், அதே நேரம் அத்தை கீழே 1317-ல் தொடங்கிய மடத்து மருந்துக்கடையையும் 1438-ல் கட்டிய ஒனோஃப்ரியோ நீரூற்றையும் பார்க்கட்டும் என்று இணை வேலைகளாகப் போட்டேன். நேரம் மிச்சம்! ஆனால் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “அவ இல்லாம நான் மட்டும் மேல ஏறி என்னத்தைப் பாக்கப் போறேன்?”

அங்கேதான் விடை கிடைத்தது. ஸ்ர்ஜ் மலை 400 மீட்டருக்கும் மேல் உயரம். 1969-ல் கட்டிய ரோப் கார் 1991 போரில் சேதமாகி, 2010-ல் மீண்டும் ஓடத் தொடங்கியது. உச்சியிலிருந்து மதில், ஊர், கடல், தீவு எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே பார்க்கலாம். மதில் ஏறுவதை அடித்துவிட்டேன். ரோப் காருக்கு மட்டும் மூன்று நாளிலும் மாற்று நேரம் ஒதுக்கினேன்.

காலத்தையும் வரிசையையும் நெட்வொர்க் சொல்லும். எந்த வேலை தவறவே கூடாது என்பதைப் போகிறவர்களிடம்தான் கேட்கணும். நண்பர்களே, அம்புக்குறி போடுமுன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்!