தண்ணி எங்கே போகும்? வீட்டிலேயே எஞ்சின் பே துப்புரவாக்க ஒரு பாடம்

போன எபிசோட்டில் காரின் ஓபிடி போர்ட்டைப் பற்றியும், அதில் செருகும் சின்ன ரீடரைப் பற்றியும் கதைச்சோம். அந்த ரீடரை நான் ஏன் வாங்கினேன் என்று மைக்குக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுத்தில் சொல்கிறேன்.

சில வருசத்துக்கு முந்தி ஒரு மே மாதம். ஸ்நோ ரயர் கழட்டியாச்சு, வெயில் வந்திட்டுது. அப்பாவின் காரை டிரைவ்வேயில் விட்டு ஹூட்டைத் திறந்தேன். குளிர்காலம் முழுக்க ரோட்டில் கொட்டின உப்பு எல்லா இடமும் வெள்ளையாய்ப் படிஞ்சிருந்தது. யூரியூப்பில் இரண்டு வீடியோ பார்த்தேன். பக்கத்து வீட்டில் பிரஷர் வொஷர் இரவல் வாங்கி, பத்து நிமிசம் அடிச்சேன். பளபள என்று வந்தது. படமும் எடுத்தேன்.

அன்று இரவு அப்பா அதே காரில் நைற் சிஃப்டுக்குப் போனார். 401 இல் கார் நடுங்கத் தொடங்கியது. செக் எஞ்சின் லைற் மின்னி மின்னி எரிந்தது. பக்கத்தில் லொறிகள் பறக்க, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஷோல்டரில் இருந்தார். கோட் P0303: மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஸ்பார்க் பிளக் இருக்கும் குழிக்குள் தண்ணி தேங்கி, கொயில் பழுதாகிவிட்டது. சராசரி வீட்டுக் குழாயின் அழுத்தம் 40 முதல் 80 பிஎஸ்ஐ. நான் பிடிச்ச மெஷின் 1,500 க்கும் மேல். கனெக்டரில் இருக்கும் றப்பர் சீல் மழைச் சாரலைத் தாங்கத்தான் செய்தது, அதைத் தாங்க அல்ல.

அப்பா ஏசவில்லை. "தண்ணி விடமுந்தி அது எங்க போகும் எண்டு யோசிச்சனியோ?" என்று மட்டும் கேட்டார். இந்தப் பாடம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

ஏன் துப்புரவாக்க வேணும்?

வடிவுக்காக அல்ல. சேர்வரில் லொக் குப்பையாக இருந்தால் உண்மையான எரர் கண்ணில் படாது, இல்லையா? எஞ்சின் பேயும் அப்படித்தான். எல்லா இடமும் கறுப்பாக இருந்தால் புதிதாக ஒயில் கசிந்தாலும் தெரியாது. துப்புரவான எஞ்சினில் ஒரு துளி கூலன்ற் காய்ந்த தடம்கூடத் தெரியும். இங்கே இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஒன்று உப்பு: ஈரத்தோடு சேர்ந்து பற்றரி முனையையும் போல்ற்றுகளையும் அரிக்கும். மற்றது எலி: குளிருக்கு உள்ளே கூடு கட்டி வயரைக் கடிக்கும்.

செய்முறை

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஓடி வந்த உடனே செய்தால் கை சுடும். சூடான உலோகத்தில் குளிர்தண்ணி பட்டால் வெடிப்பும் வரலாம். டிகிரீசரும் காய்ந்து கறையாகிவிடும்.

2. முதலில் படம் எடுங்கோ. எந்த வயர் எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் உங்கள் பக்கப். பழைய கசிவு தெரிந்தால் துடைக்கமுந்தி அதையும் எடுங்கோ. மெக்கானிக்குக் காட்ட உதவும்.

3. காய்ந்த குப்பையை காய்ந்தபடியே எடுங்கோ. கண்ணாடிக்குக் கீழே இலைகள் சேரும் இடத்தைக் கையாலும் வக்கியூமாலும் எடுத்து, மிச்சத்தை மென்மையான பெயின்ற் பிரஷ்ஷால் தட்டுங்கோ. பாதி வேலை இதிலேயே முடியும்.

4. பற்றரி முனையில் வெள்ளை அல்லது நீலப் பச்சைத் தூள் இருந்தால் கையுறையும் கண்ணாடியும் போடுங்கோ. நெகட்டிவ் வயரை முதலில் கழட்டுங்கோ, திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கோ. அப்பச்சோடாவைக் கொஞ்சத் தண்ணியில் குழைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் அசிட் நுரைத்து அடங்கும். ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கோ.

5. ஒல்ரனேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று உள்ளே போகும் வாய், கொயில்கள் எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் பையால் மூடுங்கோ. தண்ணியைக் குழாயால் அடிக்கப் போவதில்லை. ஆனாலும் மூடுங்கோ.

6. டிகிரீசரைப் போத்தலில் சொன்ன அளவுக்குக் கலந்து, எஞ்சினில் அல்ல, துணியில் தெளியுங்கோ. சின்ன இடம் சின்ன இடமாகத் துடையுங்கோ. இடுக்குகளுக்கு பழைய பல்பிரஷ் போதும். பிறகு சுத்தமான ஈரத் துணி, அதற்குப் பிறகு காய்ந்த துணி.

7. பைகளைக் கழட்டி, ஹூட்டைத் திறந்துவைத்துக் காயவிடுங்கோ. பிறகு வெளியில் நிறுத்தி பத்துப் பதினைந்து நிமிசம் எஞ்சினை ஓடவிடுங்கோ. கராஜுக்குள் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. சத்தம் மாறினாலோ லைற் எரிந்தாலோ ரோட்டுக்கு எடுக்காதேங்கோ. லைற் மின்னினால் உடனே நிப்பாட்டுங்கோ: எரியாத பெற்றோல் கட்டலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுப் பழுதாக்குகிறது என்று அர்த்தம்.

ஹைபிரிட் அல்லது மின்சாரக் கார் என்றால் செம்மஞ்சள் நிற வயர்களைக் கவனியுங்கோ. அவற்றில் உயிரை எடுக்கும் அளவுக்கு வோல்ற்றேஜ் இருக்கும். அந்தப் பக்கம் ஸ்பிரேயும் வேண்டாம், கையும் வேண்டாம்.

பிறகு தண்ணி எங்கே போகும்?

அப்பாவின் கேள்விக்கு இரண்டாவது பாதி இருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அன்று டிரைவ்வேயால் ஓடின கறுப்புத் தண்ணி ரோட்டோர வடிகாலுக்குள் போனது. ஸ்காபரோவில் அது மழைநீர்க் குழாய். கழிப்பறைத் தண்ணி போல அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது. நேரே ஹைலண்ட் கிறீக் மாதிரியான ஓடைக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போகும். எஃப். ஜே. ஹோர்கன் நிலையமும் ஆர். சி. ஹாரிஸ் நிலையமும் எங்கள் குடிதண்ணியை எடுப்பது அதே ஏரியில்தான். ரொறன்ரோ நகரச் சட்டத்தின் 681 ஆம் அத்தியாயம் எண்ணெயை மழைநீர்க் குழாயில் விடக்கூடாது என்கிறது. ரோட்டு உப்பை ஆராய்ந்த கனடா அரசு, அது சூழலுக்கு நஞ்சு என்று 2001 இலேயே முடிவு சொன்னது. அந்த உப்போடு எங்கள் ஒயிலும் வேண்டாமே.

அதனால்தான் மேலே உள்ள முறையில் வழிந்தோடும் தண்ணி ஒன்றும் இல்லை. ஒயில் ஊறின துணியை நகரத்தின் ட்ரொப் ஓஃப் டெப்போவில், ஆபத்தான வீட்டுக் கழிவுப் பகுதியில் கொடுக்கலாம். கிறீஸ் தடிப்பாகப் படிந்த எஞ்சின் என்றால் அந்த வேலையைச் செய்யும் கார் வொஷ்ஷுக்குக் கொண்டுபோங்கோ. அங்கே வடிகாலில் எண்ணெயைப் பிரித்துவிட்டுத்தான் கழிவுநீர்க் குழாய்க்கு விடுவார்கள்.

அப்பாவின் முறை

கொயில் மாத்தின பிறகு, ஊரில் எப்படிச் செய்தனீங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். 1990 களில் பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகைக்கரி படியும், அடிக்கடி கழட்டித் துடைக்க வேணும். கையில் இருந்தது ஒரு பிரஷ், ஒரு பழந்துணி, கொஞ்ச மண்ணெண்ணெய். "தண்ணியே பாவிக்கிறேல்லை" என்றார்.

மண்ணெண்ணெயை இன்றைய காரில் பாவிக்காதேங்கோ. தீப்பிடிக்கும், றப்பரும் ஊதிப் பழுதாகும். ஆனால் அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன? பிரஷ், துணி, பொறுமை. நான் யூரியூப்பில் தேடின பாடம் வீட்டுக்குள் சோபாவில் இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தது. நான்தான் கேட்கவில்லை.

இந்த வார இறுதியில் ஹூட்டைத் திறக்கமுந்தி உங்கள் அப்பாவையோ மாமாவையோ கூப்பிட்டுப் பக்கத்தில் நிப்பாட்டுங்கோ. அவர்களுக்கு ஓபிடி கோட் தெரியாமல் இருக்கலாம். எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரியும். அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.