ஓட்டையைப் பெரிதாக்கினால்தான் ஒழுகாது

ஈப்போவிலிருந்து லகாட், பூசிங் வழியாகப் போகும் கூட்டரசுச் சாலை 5 சித்தியவானில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து லூமுட் பக்கம்தான். லூமுட்டில் கடற்படைத் தளம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அருகே மரினா ஐலண்டில் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. 1990இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் படகுப் பந்தயமும் பங்கோரைத் தொட்டுத்தான் லங்காவிக்குப் போகிறது. லகாட், மெங்லெம்பு பட்டறைகளில் கார் பம்பருக்கு ஃபைபர் ஒட்டிப் பழகிய தம்பிகள் கை வைக்க வேண்டிய வேலை இந்தப் படகுகளின் மேல்தளத்தில் இருக்கிறது.

மேல்தளம் முழுக்க ஃபைபர் அல்ல. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவே அரை அங்குலம் போல பால்சா மரமோ நுரைப்பலகையோ. எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கொண்டி என்று ஒவ்வொன்றுக்கும் அந்தத் தளத்தைத் துளைத்துத்தான் போல்ட் போடுகிறார்கள். நாளாக ஆக சீலன்ட் விட்டுப்போகும்; போல்ட் வழியே தண்ணீர் இறங்கும். பால்சா ஊறி, கடைசியில் சேறாகிவிடும். அறைக்குள் சொட்டுத் தெரியும்போது உள்ளே அழுகல் தொடங்கி நாளாகியிருக்கும்.

முதலில் காதை நம்புங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் ‘டக்’கென்று சொல்லும், கெட்ட இடம் ‘பொத்’தென்று சொல்லும். பலாப்பழத்தைத் தட்டியே பழுத்ததா என்று சொல்பவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. ஈரமானி உதவும், ஆனால் அடியில் உலோகம் இருந்தாலோ மேலே மழை காயாவிட்டாலோ அது பொய் சொல்லும். சந்தேகம் தீரவில்லையா? உட்பக்கத்திலிருந்து, மேல்தோலைத் தொடாமல் ஒரு சிறு துளை போட்டு, ட்ரில்லில் சுற்றி வரும் தூளைப் பாருங்கள். வெளிறி உலர்ந்திருந்தால் நிம்மதி. கறுத்து, நசநசவென்று புளித்த வாடையோடு வந்தால் வேலை காத்திருக்கிறது.

கசிவென்றதும் பலரும் சீலன்ட் டியூபைத்தான் தேடுவார்கள். தேட வேண்டியது ஓட்டையை. கொண்டியைக் கழற்றிவிட்டு, இரண்டு தோலுக்கும் நடுவே உள்ள பலகையை மட்டும் துளையைச் சுற்றி அரை அங்குலம் குடைந்தெடுங்கள். வளைத்த ஆணியை ட்ரில்லில் மாட்டினால் போதும். தூளை உறிஞ்சி, அடியில் டேப் ஒட்டி, முதலில் தண்ணிப் பதத்தில் எபோக்சியைப் பூசுங்கள். மரம் குடிக்கிற அளவு குடிக்கட்டும். பிறகு சிலிக்கா தூள் கலந்த கெட்டி எபோக்சியால் நிரப்புங்கள். இறுகியபின் அதன் நடுவே புதுத் துளை போட்டு, வாயைச் சற்றுச் சாய்வாகச் சீவுங்கள். சீலன்ட் அங்கே வளையமாகத் தங்கும். பியூட்டைல் டேப் என் தேர்வு. சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்கூட ஒட்டாது. முறுக்கும்போது போல்ட்டைச் சுற்றாமல் நட்டை மட்டும் திருப்புங்கள். இனி சீலன்ட் போனாலும் தண்ணீர் எபோக்சியைத்தான் தொடும், மரத்தை அல்ல.

கார் பட்டறைப் பழக்கம் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். பாலியஸ்டர் ரெசினில் அவசரமென்றால் ஹார்ட்னரை இரண்டு சொட்டு கூட்டி விடுவோம். எபோக்சியில் அது செல்லாது. 5க்கு 1 என்று டப்பாவில் போட்டிருந்தால் 5க்கு 1தான். கூடினால் சரியாக இறுகாது. 22 டிகிரியில் 20 நிமிடம் தாங்கும் கலவை, நம் மத்தியான வெயிலில் பாதி நேரம் தாங்கினால் பெரிது. டப்பாவிலேயே சூடேறிப் புகையும். மெதுவான ஹார்ட்னர் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றி வையுங்கள். சாயங்கால இடிமழைக்குக் கூடாரம் கட்டாயம். கையுறையும் முகமூடியும் அப்படியே. எபோக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் இந்தத் தொழிலையே விட வேண்டியதுதான்.

அழுகல் பரவியிருந்தால், ஊசியில் எபோக்சி ஏற்றிச் சமாளிக்கலாம் என்பார்கள். ஈர மரத்தில் அது பிடிக்காது, காசு கரியாகும். மேல்தோலை அறுத்துத் தூக்கி, அழுகியதைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, புதுப் பலகையை ஒட்டி, தோலை மூடுங்கள். வெட்டிய ஓரத்தை, தோலின் தடிப்பைப்போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து அதன்மேல் கண்ணாடி நார்த்துணி போடுங்கள்.

விலை பேசும்போது, திறந்து பார்க்க ஒரு விலை, பழுது பார்க்க வேறு விலை என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். ஈரம் எதுவரை என்று மேலே பென்சிலால் கோடு போட்டு, படமெடுத்து, உரிமையாளருக்கு அனுப்பிய பிறகே ரம்பத்தை எடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே கிளம்பும் ஒவ்வோர் அங்குல அழுகலும் உங்கள் தலையில்தான் விடியும்.

வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு ஒரு மாதிரியும் கொண்டுபோங்கள்: சிறு சாண்ட்விச் பலகையில் ஓட்டை குடைந்து, எபோக்சி நிரப்பி, போல்ட் போட்டு, பிறகு நடுவாக்கில் அறுத்த துண்டு. யார்டு மேலாளர் முதலில் பார்ப்பது, போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே எபோக்சி எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பதைத்தான்.