ஆற்றுப்படை காட்டும் விருந்தோம்பல்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நண்பர்களுடன் மிதிவண்டியில் அங்குச் சென்று, கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் பயணித்தால் இடைக்கழிநாட்டை அடையலாம். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இந்நாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். அதற்கும் தெற்கே உள்ள மரக்காணமே அந்நூல் கூறும் எயிற்பட்டினம் என்பர் அறிஞர்.

ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணரிடம் கைப்பொருள் இல்லை; வழியிலுள்ள ஊர்களின் விருந்தோம்பலே துணை. எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீனும், வேலூர் எயினர் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூர் உழவர் வெண்சோறும் நண்டுக்கறியும் அளிப்பர் என்கிறது 269 அடிகள் கொண்ட அந்நூல். இல்லாததைத் தேடி எவரும் விருந்து படைக்கவில்லை. தத்தம் நிலத்தில் கிடைத்ததையே பகிர்ந்தனர்.

உண்டவர் செய்யும் கைம்மாறு யாது? பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்படும் வறிய பாணனுக்கு வள்ளலின் ஊரையும், வழியில் உணவளிப்போரையும் எடுத்துரைக்கிறான். பெற்ற நன்மையைத் தன்னளவில் நிறுத்திக்கொள்ளாமையே ஆற்றுப்படையின் அறம். இன்றைய மிதிவண்டிப் பயணிக்கும் இது பொருந்தும். தண்ணீரும் தங்குமிடமும் தந்த ஊரைப் புகழ்வது மட்டும் போதாது. தம் வாயிலுக்கு வரும் வழிப்போக்கரையும் அவ்வாறே வரவேற்பவரே அக்கடனைத் தீர்த்தவர் ஆவார்.