காய்ச்சல் வேற, சூடு வேற

போன மே மாசம், எங்க ஊர் பிரம்மதேசத்துல மல்லாட்டை பிடுங்கிட்டு இருந்த சித்தப்பா திடீர்னு வரப்புல உட்கார்ந்துட்டார். தொட்டா நெருப்பா கொதிக்குது. காய்ச்சல்தான்னு நினைச்சு பாராசிட்டமால் கொடுத்தேன். தெர்மோடைனமிக்ஸ்ல நல்ல மார்க் எடுத்தவன் செஞ்ச வேலை அது! பக்கத்து நிலத்து ஆயா என்னைத் தள்ளிவிட்டு, மோட்டார் கொட்டாயிலிருந்து தண்ணி மொண்டு வந்து அவர் தலையோட ஊத்தினாங்க. ஆயா செஞ்சதுதான் சரி.

ஏன்னு பாருங்க. காய்ச்சல்ல மூளையில இருக்கிற ஹைபோதலாமஸ் தானே செட் பாயிண்ட்டை ஏத்தி வைக்குது. பாராசிட்டமால் அதை இறக்குது. வெயில் சூட்டுல செட் பாயிண்ட் அதே 37 டிகிரிதான். உள்ளே சேர்ற வெப்பம் வெளியே போக முடியல, அவ்வளவுதான். அங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை.

கணக்கு போடலாம். சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் உண்டாக்குது. 60 கிலோ ஆளுக்கு அந்த வெப்பம் துளியும் வெளியே போகலைன்னா, மணிக்கு 1.7 டிகிரி ஏறும். வயல் வேலையில இது பல மடங்கு. தோலோட வெப்பம் சுமார் 35. காத்து 40 டிகிரின்னா வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வர ஆரம்பிக்கும். மிச்சம் இருக்கிற ஒரே வழி வியர்வை. ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் ஆவியானா கிட்டத்தட்ட 670 வாட் போயிடும். ஆனா ஆவியாகணும்! சொட்டி விழுந்தா கணக்குல சேராது. அதனாலதான் மரக்காணம் உப்பளத்துல தெர்மாமீட்டர் கம்மியா காட்டினாலும் நம்ப முடியாது. கடலோர ஈரக்காத்துல வியர்வை காயவே காயாது.

2024 அக்டோபர் 6, மெரினா விமானப்படை சாகச நிகழ்ச்சி ஞாபகம் இருக்கா? கூட்டத்துலயும் வெயில்லயும் சிக்கி 5 பேர் இறந்தாங்க. அது கத்திரி வெயில் இல்லை, அக்டோபர்! அதே மாசம்தான் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது.

தலைவலி, தசைப்பிடிப்பு, வாந்தின்னு இருக்கும்போதே நிழலுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஓ.ஆர்.எஸ். கொடுங்க, உப்பு போட்ட மோர், நீராகாரமும் கொடுக்கலாம். பேச்சு குழறுது, ஆள் அடையாளம் தெரியலை, வலிப்பு வருதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்வை நின்னாதான் ஸ்ட்ரோக்னு நினைக்காதீங்க, வியர்த்துக்கிட்டே இருக்கும்போதும் வரும். 108-ஐக் கூப்பிடுங்க, ஆனா வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. ஐஸ் கிடைச்சா கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைங்க. நினைவு தெளிவா இல்லாதவங்க வாயில தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, புரை ஏறிடும்.

இன்னொண்ணு, இது நமக்கு. வெயிலுக்கு உடம்பு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். சித்தப்பாவே நாலு மாசம் சென்னையில ஏ.சி. கடையில இருந்துட்டு அன்னைக்குத்தான் நிலத்துல இறங்கினார். செமஸ்டர் லீவுல நேரா கழனிக்கோ சைட்டுக்கோ போறவங்க, முதல் நாள் ஒரு மணி நேரத்தோட நிறுத்திக்கோங்க. அடுத்த நாள் கொஞ்சம் கூட்டிக்கலாம்.