ரிஷிவந்தியத்துப் பிள்ளைகளுக்கு இந்து சமயம் சொல்லிக்கொடுப்பது எப்படி?

இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சைவநெறி ஒரு பள்ளிப் பாடம். அதற்குப் பாடநூல் உண்டு, ஆசிரியர் உண்டு, சாதாரண தரத் தேர்வில் வினாத்தாளும் உண்டு. நம் அரசுப் பள்ளிகளில் அப்படியொரு பாடவேளை கிடையாது. ஆனாலும் "சாமியப் பத்தி பிள்ளைங்களுக்கு நாலு விஷயம் சொல்லிக்குடுங்க" என்று பெற்றோர் கேட்கத்தான் செய்கிறார்கள். சொல்லிக்கொடுக்க முன்வரும் ஆசிரியர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் கோயில் சார்ந்த இளைஞர்களுக்கும் இந்த வழிமுறை.

முதலில், இடத்தை முடிவு செய்யுங்கள்

வகுப்பு நடக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் பேசும் முறை அமையும். அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவின்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது. அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற மற்றப் பள்ளிகளிலும், பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையைச் சமய வகுப்பில் உட்காரவைக்க முடியாது. அதே சமயம், சமயங்களைப் பற்றி அறிவாகப் படிப்பதற்குத் தடை இல்லை என்பதை 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆகவே வழி இரண்டு. வழிபாட்டோடு சேர்ந்த வகுப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வையுங்கள். கோயிலின் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். பள்ளிக்குள் என்றால் தமிழ்ப் பாடமும் வரலாறும் இடம் கொடுக்கின்றன. தமிழ்ப் பாடநூலில் பக்தி இலக்கியமும் வருகிறது, சீறாப்புராணமும் தேம்பாவணியும் வருகின்றன. மண்டபத்தில் "நாம் கும்பிடுகிறோம்" என்று பேசலாம். பள்ளியில் "சைவர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்றுதான் பேசவேண்டும். வகுப்பில் இருக்கும் இஸ்லாமியப் பிள்ளையும் கிறித்தவப் பிள்ளையும் தங்களை அந்நியராக உணராமல் இருப்பது இந்த ஒரு சொல்லாட்சியில் இருக்கிறது.

இரண்டாவது, பிள்ளைகளிடமிருந்து பட்டியல் வாங்குங்கள்

வேதம், உபநிடதம், நான்கு ஆசிரமம் என்று தொடங்கும் பாடத்தில் பிள்ளைகளுக்குப் பிடிமானம் கிடைக்காது. முதல் வாரம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: வீட்டிலும் தெருவிலும் ஊரிலும் கும்பிடும் சாமிகளின் பெயர், படையல், கும்பிடும் நாள் ஆகியவற்றைப் பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதிவரட்டும். மாரியம்மன், ஐயனார், திரௌபதி அம்மன், ஆளுக்கொரு குலதெய்வம், முத்தாம்பிகை, அர்த்தநாரீஸ்வரர் எல்லாம் ஒரே பலகையில் வரட்டும். கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளை கரியராமர் என்று எழுதுவான்.

இங்கே ஆசிரியர் கவனமாக இருக்கவேண்டும். பெரிய சாமி, சிறிய சாமி என்று வரிசைப்படுத்தாதீர்கள். கிடா வெட்டிப் படைக்கும் வீட்டுப் பிள்ளையும் வெண்பொங்கல் படைக்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே நிமிர்வோடு எழுந்து வாசிக்கவேண்டும். இந்து சமயம் என்பது ஒரே நூல், ஒரே குரு, ஒரே வழிபாடு என்று அடங்குவதில்லை என்பதை அந்தப் பலகையே காட்டிவிடும். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மூன்றாவது, கோயிலுக்குக் கூட்டிப்போங்கள்

ரிஷிவந்தியத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் பாடப்பொருள் அரியது. தேன் அபிஷேகத்தின்போது இங்குள்ள அர்த்தநாரீஸ்வரர் கோயில் லிங்கத் திருமேனியில் அம்மையப்பர் உருவம் தெரிவதாகப் பக்தர்கள் தரிசிக்கிறார்கள். அதைக் காணப் போகும் முன் எந்த விளக்கமும் சொல்லாதீர்கள். மூன்று கேள்விகளை மட்டும் கொடுத்தனுப்புங்கள்: என்ன பார்த்தாய்? அங்கிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? உனக்கு எது புரியவில்லை?

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கும் வடிவத்தை ஏன் இறைவனுக்குக் கொடுத்தார்கள் என்று அவர்களையே பேசவிடுங்கள். சக்தியும் சிவமும் பிரிவதில்லை என்ற சைவக் கருத்தை அந்தப் பேச்சின் நடுவே வையுங்கள். குருக்களைப் பத்து நிமிடம் அழைத்தால் அபிஷேகப் பொருள்களின் வரிசையை அவரே சொல்வார்.

நான்காவது, நம் பக்கத்துக் கதைகளை நடிக்கவையுங்கள்

திருக்கோவிலூர் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருப்பது பெரும் வசதி. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் அங்கே ஒரு குறுகிய இடைகழியில் சந்தித்தார்கள் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்க, அது பெருமாள் என்று உணர்ந்து பாடினார்கள். சாக்கட்டியால் தரையில் அந்த இடைகழியை வரையுங்கள். ஒரு பிள்ளை படுக்கட்டும், அடுத்தவன் வந்ததும் எழுந்து உட்காரட்டும், மூன்றாமவன் வந்ததும் எல்லோரும் நிற்கட்டும். பிறகு, கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஆள் நெருக்குவதாக நடிக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று திருவந்தாதிகள் பிறந்த சூழல் இதுதான் என்று சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மறக்காது.

மெய்ப்பொருள் நாயனார் என்ற மன்னரின் கதையை எட்டாம் வகுப்புக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். திருநீறு பூசி அடியார் வேடத்தில் வந்து குத்தியவனை, ஊர் எல்லைவரை பத்திரமாக விட்டுவரும்படி சாகும் தறுவாயில் கட்டளையிட்டார் மன்னர். "அவர் செய்தது சரியா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். சரி என்பவர்களும் தவறு என்பவர்களும் காரணம் சொல்லட்டும். தீர்ப்பு உங்களிடமிருந்து வரவேண்டியதில்லை.

கூவாகத்துக் கூத்தாண்டவர் திருவிழாவும் நம் மாவட்டத்துடையதே. கூத்தாண்டவராகக் கும்பிடப்படும் அரவானின் களப்பலியையும், அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் திருநங்கைகளையும் பற்றி மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் மரியாதையோடு பேசுங்கள். சிரிப்பு எழுந்தால் அங்கேயே நிறுத்தி, அவர்களின் வேண்டுதலையும் அழுகையையும் சொல்லித் தொடருங்கள்.

ஐந்தாவது, கடினமானவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்

வினைக் கொள்கை பற்றிப் பேசாமல் சைவமும் இல்லை, வைணவமும் இல்லை. ஆனால் அதைப் பிள்ளைகள் முன் எப்படிப் பேசக்கூடாது என்பதற்கு 2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் நடந்தது சாட்சி. முற்பிறவிப் பாவத்தால் உடற்குறை வருகிறது என்ற பொருளில் ஒரு பேச்சாளர் பேசினார். பார்வைத்திறன் இழந்த ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். பேச்சாளர் பிறகு கைதானார். எதிரில் இருக்கும் எந்தப் பிள்ளையின் உடம்பையும் வறுமையையும் வீட்டுத் துயரத்தையும் வினைக்கு எடுத்துக்காட்டாக வைக்காதீர்கள். "நான் இப்போது செய்வதற்கு நானே பொறுப்பு" என்ற பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

சாதியும் அப்படித்தான். கோயிலுக்குள் யாரெல்லாம் போக முடியாமல் இருந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவேண்டும். 1939-இல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசத்தைச் சொல்லுங்கள். 1947-இல் வந்த சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டத்தைச் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் நம் மாவட்டத்திலேயே, சின்னசேலம் பக்கம் எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் காவல் துறைப் பாதுகாப்போடு போகவேண்டியிருந்தது என்பதையும் சொல்லுங்கள். இதை மறைத்துவிட்டு சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனாரைப் பாடமாக நடத்துவது நேர்மையாகாது.

ஆறாவது, கேள்வி நோட்டு வையுங்கள்

ஆறுமுக நாவலர் 19-ஆம் நூற்றாண்டில் சைவ வினாவிடையை எழுதியது, பிள்ளைகள் சமயத்தைத் தெளிவாகச் சொல்லக் கற்கவேண்டும் என்பதற்காக. பதிகம் மனப்பாடம் செய்வது நல்லது. திருக்கோவிலூர் வீரட்டச் சிவன் கோயிலைச் சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள், அதிலிருந்து தொடங்கலாம், ஓதுவார் கிடைத்தால் பண்ணோடு. ஆனால் மதிப்பெண்ணை ஒப்பித்தலுக்குக் கொடுக்காமல் கேள்விக்குக் கொடுங்கள். ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம், ஆளுக்கொரு கேள்வி நோட்டில் எழுதட்டும். உங்களுக்கு விடை தெரியாத கேள்வியின் பக்கத்தில் தேதி போட்டு, "கேட்டுச் சொல்கிறேன்" என்று பிள்ளையின் கண்ணெதிரே எழுதுங்கள். குருக்களிடமோ பூசாரியிடமோ தமிழாசிரியரிடமோ கேட்டு, அடுத்த வகுப்பை அந்த விடையோடு தொடங்குங்கள்.