பதினைந்தா, ஐம்பதா? – ஆங்கிலம் கேட்டுப் பழகுவோம்



சென்ற ஆண்டு மாமல்லபுரத்தில் ஒரு கண்காட்சியில் பனை ஓலைக் கூடை ஸ்டால் போட்டோம். வெளிநாட்டு அம்மா ஒருவர் "ஃபிஃப்டீன் பாஸ்கெட்ஸ்" என்று ஆர்டர் சொன்னார். நம் உறுப்பினர் காதில் "ஃபிஃப்டி" என்று விழுந்தது. "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டார். சங்கத்தில் கடன் வாங்கி, நாலு பேர் ராத்திரி பகலா உட்கார்ந்து பின்னி, 50 கூடை கொண்டுபோனால், அந்த அம்மா 15 கூடைக்கு மட்டும் காசு கொடுத்தார். மீதி 35 கூடை வீட்டுக்கே திரும்பி வந்தது. கடனுக்கு வட்டி ஓடியது.

"பத்தாவது வரைக்கும் இங்கிலீஷ் படிச்சேனே, காதுல ஏறலையே" என்று அழுதார் அவர். படிப்பில் குறையில்லை. நாம் கேட்டதெல்லாம் நம்ம ஊர் டீச்சர் பேசிய இங்கிலீஷ்தான். யாழ்ப்பாணத் தமிழை முதன்முதலில் கேட்டாலும் நாம் தடுமாறத்தானே செய்கிறோம்?

ஆஸ்திரேலியர் "எய்ட்" என்பது "ஐட்" போலக் கேட்கும். நியூசிலாந்துக்காரர் சொல்லும் "டென்", "டின்" மாதிரி இருக்கும். பிரெஞ்சுக்காரர் பலருக்கு 'ஹ' வராது. "ஹவ் மச்", "அவ் மச்" ஆகிவிடும். அமெரிக்கர் "வாட்டர்" என்பதை "வாடர்" என்பார். "தேர்ட்டி"யும் "தேர்டி" ஆகும்.

தேர்ட்டீன், ஃபிஃப்டீன் என்று தனியாகச் சொன்னால் கடைசி 'டீன்' அழுத்தமாக நீளும். தேர்ட்டி, ஃபிஃப்டிக்கு அழுத்தம் முன்னால். ஆனால் "ஃபிஃப்டீன் பாஸ்கெட்ஸ்" என்று சேர்த்துச் சொல்லும்போது ஃபிஃப்டீனிலும் அழுத்தம் முன்னுக்குப் போய்விடும். நம் சகோதரி ஏமாந்தது இங்கேதான். எனவே காதை மட்டும் நம்பாதீர்கள். "ஒன் ஃபைவ்? ஃபைவ் ஜீரோ?" என்று ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிக் கேளுங்கள். செல்லில் அடித்தும் காட்டலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன் நம்பர் வாங்கும்போதும் கவனம். இங்கிலாந்துக்காரர் "டபுள் செவன்" என்பார், பூஜ்யத்தை "ஓ" என்பார்.

வீட்டில் பழக ஒரு வழி சொல்கிறேன். கிரிக்கெட் மேட்ச் ஓடும்போது (எப்படியும் ரிமோட் நம் கைக்கு வராது!) பத்து நிமிஷம் ஆங்கில வர்ணனை வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, வெஸ்ட் இண்டீஸ் என்று பல நாட்டுக் குரலும் வரும். திரையைப் பார்க்காமல் ஸ்கோரை எழுதிவிட்டு, பிறகு நிமிர்ந்து சரிபாருங்கள். ஒரு விஷயம்: மற்றவர்கள் "ஃபிஃப்டீன் ஃபார் டூ" என்றால் ஆஸ்திரேலியர் "டூ ஃபார் ஃபிஃப்டீன்" என்று விக்கெட்டை முதலில் சொல்வார்.

செல்லில் இன்டர்நெட் உள்ளவர்கள் பி.பி.சி.யின் "சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்" கேட்கலாம், காசு கிடையாது. ஒரே பாடத்தை மூன்று முறை கேளுங்கள். எழுத்தைப் பார்ப்பது மூன்றாவது முறைதான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆளுக்குப் பத்து ஸ்கோராவது எழுதிக்கொண்டு வாங்க. மீந்த கூடைகளில் 12 இன்னும் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.