கோடையில் பருத்தி உடைகள்

வியர்வை பட்ட சட்டையைச் சுருட்டி அழுக்குக் கூடையில் போடாதீர்கள். அன்றே துவைக்க முடியாவிட்டால், வெறும் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிடுங்கள். அக்குளில் மஞ்சள் கறை படிந்த வெள்ளைச் சட்டைக்குக் குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம். மஞ்சள் கூடத்தான் செய்யும். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் துவையுங்கள்.

பருத்திப் புடவைக்கு வடிகஞ்சியை மிஞ்சியது எதுவுமில்லை. அதை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்; ஒரு பருக்கை தங்கினாலும் காய்ந்தபின் வெள்ளைத் திட்டாகத் தெரியும். நிறையத் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான கஞ்சி காற்றைத் தடுக்கும், வெயிலுக்கு ஆகாது. புடவையை முதலில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதன்பின் கஞ்சியில் முக்கினால் ஒரே சீராகப் பிடிக்கும். நன்றாக உதறி, நிழலில் காயப்போடுங்கள்.

இஸ்திரி போட லேசான ஈரப்பதம்தான் சரி. முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டி, பத்து நிமிடம் கழித்துத் தேயுங்கள்; பாதி வேலை மிச்சம். பெட்டி ஆற நேரமாகும் என்பதால் பாலியஸ்டர் கலந்தவற்றை முதலில் குறைந்த சூட்டில் முடித்துவிட்டு, பிறகு பருத்தி, கடைசியில் லினன். காலரை முனைகளிலிருந்து நடுவுக்குத் தேயுங்கள். அடர்நிற உடைகளுக்கு உள்பக்கம்.

கஞ்சி போட்டதை மாதக்கணக்கில் பீரோவில் வைக்காதீர்கள், பூச்சி அரிக்கும். அலசிக் காயவைத்து எடுத்து வையுங்கள்.